வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு...

சென்ற மாதம் ஒரு நாள் மாலை. விளக்கேற்றிவிட்டு நிமிர்கிறேன், திருச்சியிலிருந்து அக்கா மகளின் போன்.

"சித்தி, மாமாவை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்துட்டோம். வீட்டிலேயும் ஆக்ஸிஜன் மிஷின் வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். கரெண்ட் போனா என்ன பண்றதுன்னு ஒரே கவலை. ஜெனரேட்டர் வாங்கறதா, இன்வெர்ட்டர் வாங்கறதா? பெட்ரோலா, டீசலா? நீங்கதான் எல்லாம் பார்த்தவங்க ஆச்சே!"

பார்த்தவள்தான். பட்டுத் தெரிந்துகொண்டவள் என்று சொல்வது இன்னும் பொருத்தம்.

"முதல்லே ஒரு பேப்பரும் பென்சிலும் எடு. கடைக்கு அப்புறம் போகலாம்" என்றேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இதே கவலை இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கிறதோ!

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. என் மாமியாருக்கு நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. பீடி, சுருட்டு எதையும் கையால் தொட்டதில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் முப்பது வருஷம் விறகு, வரட்டி, உமி என்று ஊதி ஊதியே சமைத்தவர். அந்தப் புகையின் வினைதான் என்றார் டாக்டர். 2016-ல், தினம் 15 மணி நேரமாவது ஆக்ஸிஜன் வைக்க வேண்டும் என்று சொல்லி, அறைக் காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மிஷினை எழுதிக் கொடுத்தார். அது ஓட 350 வாட் மின்சாரம் வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. 12 வோல்ட், 150 ஆம்பியர் பாட்டரி. பெருக்கிப் பார்த்தால் 1,800 வருகிறது. அத்தனையும் நமக்குக் கிடைக்காது. பாட்டரியை அடி வரை வற்ற விட்டால் அதன் ஆயுசு குறைந்துவிடும். மாற்றுவதிலும் கொஞ்சம் வீணாகும். மிஞ்சுவதில் இந்த மிஷின் சுமார் 3 மணி நேரம் ஓடும். சாதாரண நாட்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. 'இதற்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது?' என்று இருந்துவிட்டோம்.

வந்தது கஜா!

2018 நவம்பர் 15 இரவு. புயல் வருகிறது என்று முன்கூட்டியே தெரியும். தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன், மெழுகுவத்தி வாங்கினேன், போன்களைச் சார்ஜ் செய்தேன். பெரிய சாமர்த்தியசாலி என்று எனக்கே நினைப்பு! இரவு ஒரு மணிக்கு மின்சாரம் நின்றது. காற்று ஊளையிட்ட ஊளையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. விடியற்காலை 4 மணிக்கு இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தி ஓய்ந்தது. டாக்டர் சொல்லி வாங்கி வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தது. அதை மாட்டினோம். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் 12 மணி நேரம் வரும்.

விடிந்து கதவைத் திறந்தால் தோப்பே படுத்துக் கிடந்தது. தென்னைகள் வரிசையாக ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தெருவில் மின்கம்பங்கள் ஒடிந்து, கம்பிகள் வேலியில் சுற்றிக் கிடந்தன. டெல்டாப் பக்கம் அந்தப் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன என்று பிறகு படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சிலிண்டரின் முள் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

என் கணவரும் கொழுந்தனாரும் அரிவாளோடு கிளம்பி, விழுந்த மரங்களை வெட்டி வழி செய்துகொண்டே போனார்கள். பகலில் சில மணி நேரம் ஆக்ஸிஜன் இல்லாமலே சாய்ந்து உட்கார்ந்து, அத்தையே மிச்சம் பிடித்தார். "இருக்கட்டும்மா, ராத்திரிக்கு வேணும்" என்று சிலிண்டரை மூடச் சொன்னார்.

சாயங்காலம் இவர்கள் திரும்பும்போது டிராக்டரில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. கல்யாணம், கோவில் திருவிழாவுக்கெல்லாம் மைக் செட் போடுகிறவருடைய பழைய 2 கே.வி.ஏ. பெட்ரோல் மிஷின். "பெரியம்மா உயிரு முக்கியம், கொண்டு போங்க, வாடகை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கொடுத்தனுப்பினாராம். ஆபத்துக் காலத்தில் யார் யார் கை கொடுக்கிறார்கள் பாருங்கள்!

கொல்லையில், கிணற்றடிக்கு அப்பால் அதை வைத்தார்கள். கயிற்றை நாலு இழுப்பு இழுத்ததும் 'டடடட' என்று கிளம்பியது. ஆக்ஸிஜன் மிஷின் ஓட ஆரம்பித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பெட்ரோலுக்குத்தான் பெரும் பாடு. மணிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் குடித்தது. பெட்ரோல் பங்கிலும் மின்சாரம் கிடையாதே! சொந்த ஜெனரேட்டர் இருந்த பங்கில் மட்டும் ஊற்றினார்கள். அங்கே கேனும் கையுமாக மைல் கணக்கில் வரிசை.

ஐந்தாம் நாள் இரவு மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மிஷின் நனைந்தால் நின்றுவிடும், ஷாக் வேறு அடிக்கும். "தாழ்வாரத்துக்குக் கொண்டு வந்துடுங்க" என்று சொன்னது யார் என்கிறீர்கள்? நானேதான்! சமையலறையை ஒட்டிய கொல்லைத் தாழ்வாரம். மூன்று பக்கம் சுவர், மேலே ஓடு. சத்தமும் சாரலும் வராமல் இருக்க இடைக்கதவைச் சாத்தினேன். அத்தை அறை ஜன்னலைக் குளிருக்காக மூடினேன். சமையலறை ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. 'காற்றுக்கு அது போதுமே' என்று நினைத்தேன்.

பத்தரை மணி இருக்கும். எனக்குத் தலை கனத்தது. அலைச்சல் என்று விட்டுவிட்டேன். பத்தாவது படிக்கும் என் மகள் எழுந்து போய் வாந்தி எடுத்தாள். முகாம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அத்தைக்குத்தான் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் மீட்டரை மாட்டினேன். 96! வழக்கமாக 91, 92-க்கு மேல் ஏறாது. "அத்தை, இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

அத்தை தலையை அசைத்தார்.

"நம்பரு கிடக்கட்டும். ஏம்மா, மண்டையைப் பிளக்குது. மழை நாள்லே கொட்டகையை மூடிட்டு நெல்லு அவிப்போம் பாரு, அப்போ இப்படித்தான் வரும். ஒருத்தி மயங்கியே விழுந்தா. இது சோத்தாலே வந்ததும் இல்லே, களைப்பாலே வந்ததும் இல்லே. இது புகை. முப்பது வருஷம் ஊதினவளுக்குப் புகை தெரியாதா? என்னைத் திண்ணைக்குத் தூக்கு."

கண்ணுக்குப் புகையே தெரியவில்லை. ஆனாலும் அந்தக் குரலில் ஏதோ இருந்தது. இவரை உலுக்கி எழுப்பினேன். எழுந்தவர் தள்ளாடினார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மகளை வாசலுக்குத் துரத்தி, அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் இறக்கினோம். மிஷினை நிறுத்தி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தோம். சிலிண்டரில் அத்தை மிச்சம் பிடித்த ஆக்ஸிஜன் அன்றைக்குத்தான் உதவியது. சாரலில் நனைந்தபடி விடிய விடியத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் விளக்கியபோது என் கை கால் நடுங்கிற்று. எரிபொருள் எதுவாக இருந்தாலும் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம், அப்புறம் விழிக்காத தூக்கம். விரல் மீட்டருக்கு இதற்கும் ஆக்ஸிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது. விஷத்தையும் சேர்த்து எண்ணி 'நன்றாக இருக்கிறது' என்று காட்டும்! நான் சந்தோஷப்பட்டேனே, அந்த 96 அப்படி வந்ததுதான். நம்பரை நம்பி அவரைத் தூங்க வைத்திருந்தால்? இன்றைக்கும் அந்த நினைப்பு வந்தால் அடி வயிறு சில்லிடுகிறது.

இன்னொரு தப்பும் நடக்க இருந்தது. ஜெனரேட்டர் கொண்டுவந்த பையன், "அக்கா, ரெண்டு முனையிலும் பிளக் வச்ச ஒயர் ஒண்ணு போட்டு, ஹாலில் இருக்கிற பிளக் பாயிண்ட்லே சொருகிட்டா வீடு பூரா எரியும்" என்றான். எனக்கும் ஆசைதான். இவர்தான், "வேண்டாம், ஆக்ஸிஜனுக்குத் தனி ஒயர் போதும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒயரின் பொல்லாப்பு எனக்கு இரண்டு வாரம் கழித்துப் புரிந்தது. லைன் இழுக்க வேறு மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சேற்றில் முழங்கால் வரை நின்று வேலை செய்தார்கள். அவர்களில் ஒரு தம்பி, என் மகனாக இருக்கக்கூடிய வயசு, கொல்லையில் சத்தம் கேட்டதும் டீ டம்ளரைக் கூட வாங்காமல், "அம்மா, ஜெனரேட்டரை எப்படி இணைச்சிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். வீட்டு ஒயரிங்கில் அதைச் செருகினால் மின்சாரம் மீட்டர் வழியாகத் திரும்பி வெளியே போகுமாம். டிரான்ஸ்பார்மரில் ஏறும்போது 230 வோல்ட் 11,000 வோல்ட் ஆகிவிடுமாம். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறவர் கதி? நம் வீட்டில் ஒரு பல்பு எரிய, இன்னொரு வீட்டு விளக்கு அணைய வேண்டுமா? வீடு முழுவதற்கும் இணைக்க வேண்டுமானால், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துச் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போட வேண்டும். அதில் வெளி மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றுதான் வீட்டுக்குள் வரும்.

எங்கள் தெருவுக்கு 24-ஆம் நாள் மின்சாரம் வந்தது.

2019 தையில், அறுவடையும் இல்லை, தோப்பும் இல்லை. என் வளையல் நாலும் வங்கிக்குப் போயின. அதை வைத்து ஏற்பாடு செய்வது என்று உட்கார்ந்தோம். நான் நேரே கடைக்குப் போயிருந்தேன். "அஞ்சு கே.வி.ஏ. எடுத்துக்குங்கம்மா, ஏ.சி.கூட ஓடும்" என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் ஏ.சி.யே கிடையாது! திரும்பி வந்து பேப்பரையும் பென்சிலையும் எடுத்தேன்.

மின்சாரம் இல்லாவிட்டால் எது நின்றால் உயிருக்கு ஆபத்து? ஆக்ஸிஜன் மிஷின், 350 வாட். எது நின்றால் கஷ்டம்? மின்விசிறி. பழசு 75 வாட், புது மாதிரி மோட்டார் உள்ளது 30 வாட்தான். எல்.இ.டி. பல்பு ஒன்று 9 வாட். எது நின்றால் சமாளிக்கலாம்? 150 வாட் ஃபிரிட்ஜ். திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். கிணற்று மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் கடைசி. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போல இரண்டு மூன்று பங்கு மின்சாரத்தைக் கிளம்பும்போது கேட்கும். 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் கிடைப்பது சுமார் 1,600 வாட்தான், அதனால் தாங்காது. மோட்டாருக்காகப் பெரிய மிஷின் வாங்குவதைவிட, கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த அடிபம்பைப் பழுது பார்த்தோம். அதற்கு எண்ணெயும் வேண்டாம், கரெண்டும் வேண்டாம்!

பிறகு எரிபொருள்.

பெட்ரோல் மிஷின் இலேசானது, விலையும் குறைவு. ஆனால் பெட்ரோலை வருஷக்கணக்கில் சேர்த்து வைக்க முடியாது. சில மாதங்களில் கெட்டுவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். அதன் ஆவி தரையோடு பரவி எங்கோ இருக்கும் நெருப்பைப் பிடிக்கும்.

டீசல் அவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்காது, கொஞ்சம் கூடுதல் காலம் தாங்கும். மிஷின் கனம், விலையும் அதிகம். பெரிய சுமையை மணிக்கணக்கில் இழுக்க ஏற்றது. ஒரு ஆக்ஸிஜன் மிஷினுக்காக அதை ஓட்டினால் கரி பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழைய மாதிரி மிஷின்களும் உண்டு. புகையும் நாற்றமும் அதிகம். நோயாளி இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

சமையல் வாயுவில் ஓடுவது உண்டு. வாயு கெட்டுப் போகாது, சுத்தமாகவும் எரியும். ஆனால் வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைச் சமையலைத் தவிர வேறு எதற்கும் உபயோகிக்கச் சட்டம் இடம் தராது. தனியே வணிக சிலிண்டர் வாங்க வேண்டும். புயல் அடித்தால் அந்த வண்டியும் வராதே!

எதில் ஓடினாலும் சரி, அந்த விஷ வாயு உண்டு. இதை மறக்கவே கூடாது.

மிஞ்சியது வெயில். நம் பக்கம் ஒரு கிலோவாட் சோலார் பலகை நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். அத்தையின் மிஷினுக்கு 15 மணி நேரத்துக்கு ஐந்தே கால் யூனிட் வேண்டும். ஆகவே 2 கிலோவாட் பலகையும், 150 ஆம்பியர் பாட்டரி நான்கும், அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வைத்தோம். பாட்டரியில் பாதிக்குச் சற்று மேல் எடுத்தாலும் 4 யூனிட் கிடைக்கும். ராத்திரி 10 மணி நேரத்துக்கு மிஷினும் ஒரு விசிறியும் ஓடும்.

இங்கே இரண்டு விஷயம். பாட்டரி இல்லாமல், வெளி லைனோடு சேர்த்துப் போடும் சாதாரண சோலார், லைனில் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். லைன்மேனைக் காப்பாற்றத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். 'கூரையில் சோலார் இருக்கிறது, கவலை இல்லை' என்று ஏமாறாதீர்கள். இரண்டாவது, ஆக்ஸிஜன் மிஷினுக்கு ஸைன் வேவ் இன்வெர்ட்டர்தான் சரி. மலிவாகக் கிடைக்கும் ஸ்கொயர் வேவ் ஆகாது.

ஐந்தாறு நாள் அடை மழை என்றால்? அதற்காக மட்டும் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினோம். அதற்குக் கொல்லைக் கோடியில், வீட்டிலிருந்து 25 அடி தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரப் பந்தல் போட்டோம். 20 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். நிறுத்தி, சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும். வேலை முடிந்தால் டாங்கைக் காலி செய்துவிடுவோம். மாதம் ஒரு முறை கிளப்பிப் பார்ப்போம். படுக்கை அறையில் கார்பன் மோனாக்ஸைடு வந்தால் கத்தும் சின்ன அலாரம் ஒன்றும் மாட்டியிருக்கிறோம். நிரம்பிய ஆக்ஸிஜன் சிலிண்டர் எப்போதும் தயார். மெழுகுவத்தி, சாமி விளக்கு எதுவும் ஆக்ஸிஜன் இருக்கும் அறைப் பக்கம் போகக் கூடாது. பாட்டரிக்கு நேரத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், அது இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும்.

எல்லாம் முடிந்த அன்று மெயின் ஸ்விட்சை அணைத்துப் பரீட்சை பார்த்தோம். ஆக்ஸிஜன் மிஷின் ஒரு நொடி கூடத் தயங்காமல் ஓடியது. அத்தை காதைத் தீட்டிக் கேட்டார்.

"டடடடன்னு சத்தமே காணோமே. இது எந்த எண்ணெயிலே ஓடுது?"

"வெயில்லே ஓடுது அத்தை."

"வெயிலுக்குப் புகை கிடையாதா?"

"கிடையாது அத்தை."

"அப்போ சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அடுப்படியில் தொடங்கிய அந்தப் புகை அன்றைக்குத்தான் அவரை விட்டுப் போனதாக எனக்குத் தோன்றியது. அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தார். பேத்தி கல்லூரிக்குப் போவதையும் பார்த்துவிட்டே போனார்.

அக்கா மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "சித்தி, அப்போ எங்க வீட்டுக்கு எது நல்லது?" என்றாள். அவள் இருப்பது அபார்ட்மெண்டில், மூன்றாவது மாடி. ஜெனரேட்டரைப் பால்கனியில் வைக்கலாமா என்று அவள் வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டிருந்தாராம்!

"பால்கனி பேச்சே கூடாது" என்றேன். "கணக்குப் போட்டுப் பெரிய பாட்டரி, நல்ல இன்வெர்ட்டர், அதுக்கு மேலே ஒரு சிலிண்டர். டாக்டர்கிட்டே கேட்டு அளவைத் தெரிஞ்சுக்கோ. எவ்வளவு நேரம் ஓடுதுன்னு மெயினை அணைச்சுப் பகல்லேயே பார்த்து வை. ராத்திரியிலே பரீட்சை வேண்டாம்."

சகோதரிகளே, கரெண்ட் போனால் இருட்டுக்குத்தான் நாம் பயப்படுகிறோம். இருட்டு யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அதை விரட்டுகிற அவசரத்தில் எதை வீட்டுக்குள் கொண்டு வருகிறோம் என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். அன்றிரவு மீட்டர் சொன்னதை நான் நம்பினேன். அத்தை சொன்னதையும் காதில் போட்டுக்கொண்டதால்தான் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.